வீட்டு வரிக் கூட்டத்துக்குப் போகுமுன்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். பதினைந்து வருடத்துக்குப் பிறகு எங்கள் மாநகராட்சி எல்லா வீடுகளையும் மறுமதிப்பீடு செய்யப் போகிறது. அதற்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். சம்பளத்திலேயே வருமான வரி பிடிக்கிறார்கள், கடையில் வாங்குவதற்கெல்லாம் வரி கட்டுகிறோம், இதற்கு மேல் நகரத்துக்குத் தனியாக எதற்கு ஒரு வரி என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். ஹோட்டலுக்கும் கம்பெனிக்கும் வெளியூர் வண்டிக்கும் போட வேண்டியதுதானே என்கிறார்கள் சிலர். எங்கள் தெருவில் ஓய்வூதியத்தை நம்பித் தனியாக இருக்கும் ஒரு அம்மா, மதிப்பு ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று பயந்துபோயிருக்கிறார். கூட்டத்தில் நான் என்ன பேசுவது?

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

"வரியை ஏற்றாதே" என்று மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். மேடையில் இருப்பவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார்கள், பதிலும் கையில் இருக்கும். கேட்பு (அதாவது கட்டச் சொல்லி மாநகராட்சி கேட்ட தொகை), வசூல், நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். எத்தனை கட்டடங்கள் வரிப் பதிவேட்டில் இருக்கின்றன, எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு வந்தது, யாருக்கெல்லாம் விலக்கு. பல காலம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நகரத்தின் பணம் காணாமல் போவது பெரும்பாலும் இந்தப் பதிவேட்டுக்குள்தான். வரி விகிதம் அதற்கு அப்புறம் வருகிற பேச்சு.

முதலில் உங்கள் உறுப்பினர்களின் கேள்வி. நகரத்துக்கு எதற்குத் தனி வரி?

வருமான வரி, விற்பனை வரி, சுங்கம் மாதிரி நன்றாகக் காய்க்கும் வரிகளை மேலே இருக்கும் அரசுகள் தங்களிடம் வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான நாடுகளில் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. ஒரு நகரம் மட்டும் வருமான வரியைக் கூட்டினால் சம்பாதிப்பவர் எல்லையைத் தாண்டிக் குடிபோகலாம். விற்பனை வரியைக் கூட்டினால் அடுத்த ஊரில் போய் வாங்கலாம். நிலத்தையும் கட்டடத்தையும் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் உலகத்தில் பல நகரங்கள் சுற்றிச் சுற்றி வீட்டு வரியிலேயே வந்து நிற்கின்றன. விதிவிலக்குகள் இருக்கின்றன. ஸ்வீடனில் வருமான வரியே முக்கியமாக உள்ளாட்சிகளின் வரிதான். நகராட்சிக்கும் மண்டலத்துக்கும் சேர்த்துச் சராசரியாகச் சம்பளத்தில் 32 சதவீதம் போல் போகிறது. ஆனால் அங்கே பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. அந்த வரியை மட்டும் எடுத்து நம் வரியோடு ஒப்பிட்டுப் பேசக் கூடாது.

சொந்த வரி இல்லாத நகரம் மேலே இருக்கும் அரசுகள் தரும் மானியத்தை நம்பி நிற்கும். மானியம் கெட்டது என்று சொல்லவில்லை. ஏழை நகரத்துக்கும் பணக்கார நகரத்துக்கும் இடையில் உள்ள பள்ளத்தை அதுதான் நிரப்புகிறது. ஆனால் குப்பை வண்டிக்கு டீசல் தினமும் போட வேண்டும், மானியம் வருகிற தேதி நகரத்தின் கையில் இல்லை. மும்பை இதற்கு நல்ல உதாரணம். 2017 ஜூன் வரை அந்த மாநகராட்சியின் மிகப் பெரிய வருமானம் ஆக்ட்ராய், அதாவது ஊருக்குள் நுழையும் சரக்குக்குப் போடும் நுழைவு வரி. நகர எல்லையில் நாக்கா என்ற வரிச் சாவடிகளில் லாரிகள் வரிசை கட்டி நின்று கட்டிவிட்டுப் போகும். நேரம் வீண், லஞ்சம், நெரிசல் என்று அதைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் கிடையாது. பாரிஸில் 1789 ஜூலையில், பாஸ்டில் சிறை விழுவதற்கு முந்தைய சில நாட்களில், மக்கள் கொளுத்தியது இதே மாதிரியான நுழைவு வரிச் சாவடிகளைத்தான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் மும்பையின் ஆக்ட்ராய் போனது. லாரிக்காரர்களுக்கு நிம்மதி. மாநகராட்சிக்கு அதற்குப் பதில் மாநில அரசு தருகிற இழப்பீடு. ஆண்டுக்கு 8 சதவீதம் ஏற்றித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, ஆகவே தொகையில் பெரிய குறை இல்லை. ஆனால் நேற்று வரை தானே வசூலித்த பணத்துக்கு இன்று இன்னொருவர் அனுப்பும் காசோலையை எதிர்பார்க்க வேண்டும். மோசமான வரியாக இருந்தாலும் அது நகரத்தின் கையில் இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வருமான வரி சம்பளத்தில் சத்தமில்லாமல் பிடிக்கப்படுகிறது, விற்பனை வரி விலையோடு கரைந்துவிடுகிறது. வீட்டு வரி மட்டும் மொத்தமாக, காகிதத்தில், உங்கள் பெயரைப் போட்டு வருகிறது. தொகையில் சிறியதாக இருந்தாலும் எரிச்சலில் பெரியது இதுதான். எனக்கு இந்த வரி பிடித்திருப்பதற்கு ஒரு காரணமும் அதுவே. ரசீதைக் கையில் வைத்திருப்பவர்தான் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பார்.

சரி, மற்றவர்களுக்குப் போட்டால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். போடலாம். பல நகரங்கள் போடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

ஹோட்டல் வரி எனக்குச் சம்மதம். தங்க வருபவர் சாலையையும் குடிநீரையும் குப்பைத் தொட்டியையும் பயன்படுத்துகிறார், அவருக்கு உள்ளூரில் ஓட்டு இல்லாததால் எந்தக் கவுன்சிலருக்கும் தயக்கமும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் 2024ல் இதை அறை வாடகையில் 12.5 சதவீதம் ஆக்கியது. வெனிஸ் அதே ஆண்டு இன்னும் ஒரு படி போய், இரவு தங்காமல் பகலில் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட சில நாட்களில் 5 யூரோ வாங்க ஆரம்பித்தது. ஆனால் இவை சுற்றுலாவால் பிதுங்கி வழியும் ஊர்கள். உங்கள் ஊருக்கு வந்து தங்குபவர் எத்தனை பேர் என்று பார்த்தால் தொகை தெரிந்துவிடும். 2020ல் பயணமே நின்றபோது இந்த வரியும் நின்றது, துப்புரவுப் பணியாளர் சம்பளம் நிற்கவில்லை.

கம்பெனி வரிதான் கவர்ச்சியானது, ஆபத்தானதும் அதுதான். ஜெர்மனியில் நகராட்சிகளுக்குத் தொழில் வரி போடும் உரிமை உண்டு. லாபத்தில் 3.5 சதவீதம் என்று அடிப்படை அளவை நாடு முழுக்கச் சட்டம் வைத்திருக்கிறது, அதை எத்தனை சதவீதத்தால் பெருக்குவது என்பதை ஒவ்வொரு நகராட்சியும் தானே தீர்மானிக்கிறது. மியூனிக் 490 சதவீதம் என்று வைத்தது, ஆகவே அங்கே வரி லாபத்தில் 17.15 சதவீதம். மோன்ஹைம் என்ற சிறிய ஊர் 2012 முதல் இதைக் குறைத்துக்கொண்டே வந்து 250 வரை இறக்கியது, அதாவது 8.75 சதவீதம். கம்பெனிகள் முகவரியை அங்கே மாற்றிக்கொண்டன, கடனில் இருந்த ஊர் கடன் இல்லாத ஊரானது. மோன்ஹைம் தந்திரம் செய்ததாகப் பக்கத்து நகரங்கள் பொருமின. அவர்கள் பொருமியதில் நியாயம் இருக்கிறது. அந்த லாபத்தில் நிறைய, புதிதாக முளைத்தது அல்ல, பக்கத்தில் இருந்து வந்தது. லாபத்தின் மேல் போடும் வரிக்கு இன்னொரு குணமும் உண்டு. 2009ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஜெர்மனி முழுவதும் இந்த வரியின் வருமானம் ஒரே வருடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. நல்ல வருடத்தில் வரும் பணத்தை நம்பி நிரந்தரச் செலவை ஏற்றிக்கொண்ட நகரங்கள்தான் அப்போது அதிகம் தவித்தன.

அமெரிக்காவின் பிலடெல்பியா வேறு வழியில் போனது. 1939 முதல் அங்கே நகரமே சம்பளத்துக்கு வரி போடுகிறது. வெளியூரில் இருந்து வேலைக்கு வருபவரும் கட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் உள்ளூர்க்காரருக்கு அது 4.96 சதவீதம் வரை போனது. நகர எல்லைக்குச் சற்று வெளியே ஒரு அலுவலகத்தைக் கட்டிவிட்டால் அந்த வரி கிடையாது என்றால் முதலாளி என்ன யோசிப்பார்? அதற்குப் பின் வந்த நிர்வாகங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத்தான் பார்த்தன. அதே நகரம் 2017ல் இனிப்புக் குளிர்பானங்களுக்கு வரி போட்டுச் சிறு குழந்தைகளின் பள்ளிக்குப் பணம் திரட்டியது. நகரத்துக்குள் விற்பனை பாதியாகக் குறைந்தது, எல்லையைத் தாண்டி இருக்கும் கடைகளில் கூடியது. குடிப்பதைக் குறைக்கத்தான் வரி என்றால் அது ஓரளவு வெற்றி. நிரந்தர வருமானம் வேண்டும் என்றால் வேறு எங்காவது தேட வேண்டும்.

வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் போடுவது நல்ல யோசனை, ஆனால் அதை வருமானத்துக்காகக் கேட்காதீர்கள். லண்டன் 2003 பிப்ரவரியில் மையப் பகுதிக்குள் நுழைய நாளுக்கு 5 பவுண்டு என்று ஆரம்பித்தது. மிச்சமாகும் பணத்தைப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஸ்டாக்ஹோம் 2006ல் ஏழு மாதம் சோதனையாகப் போட்டுப் பார்த்துவிட்டு, மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து, அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கியது. ஐந்தில் ஒரு பங்கு வண்டிகள் குறைந்தன. கட்டணம் தன் வேலையைச் சரியாகச் செய்தால் கட்டுபவர் குறைவார்.

அபராதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். அமெரிக்காவில் ஃபெர்குசன் என்ற சிறு நகரத்தில் போக்குவரத்து அபராதத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் வருமானமாகவே பட்ஜெட்டில் எழுதி, இந்த ஆண்டு இவ்வளவு வர வேண்டும் என்று போலீஸை விரட்டினார்கள். 2015 மார்ச்சில் அந்நாட்டு நீதித் துறை வெளியிட்ட அறிக்கை அதை வரிவரியாக எழுதியிருக்கிறது. அகப்பட்டவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். அபராதத்தை நம்பும் பட்ஜெட்டுக்குத் தப்பு நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஆக, சுற்றிவிட்டு மறுபடி வீட்டுக்கே வருகிறோம்.

மறுமதிப்பீடு என்ற பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் வரி ஏறப்போகிறது என்று நினைக்க வேண்டாம். அது மாநகராட்சி எந்த முறையில் வரி போடுகிறது என்பதைப் பொறுத்தது. சில ஊர்களில் விகிதத்தைச் சட்டம் அசையாமல் வைத்திருக்கும், மதிப்பு இரண்டு மடங்கானால் வரியும் இரண்டு மடங்கு. வேறு பல ஊர்களில் இந்த ஆண்டு மொத்தம் இவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதை மொத்த மதிப்பால் வகுத்து விகிதத்தைப் போடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் உள்ள எல்லா வீடுகளின் மதிப்பு ஒரு லட்சம், நகரத்துக்குத் தேவை ஆயிரம் என்றால் விகிதம் 1 சதவீதம். மறுமதிப்பீட்டில் மொத்தம் இரண்டு லட்சம் ஆகிறது, தேவை அதே ஆயிரம், விகிதம் அரை சதவீதம். முன்பு நூறாக இருந்து இப்போது இருநூறான வீடு முன்பு கட்டிய ஒன்றையேதான் கட்டும். நூறிலிருந்து நானூறுக்குப் போன வீடு இரண்டு கட்டும். நூறிலிருந்து நூற்றிருபதுக்கு மட்டும் நகர்ந்த வீட்டுக்கு வரி குறைந்து 0.6 ஆகிவிடும். இத்தனை வருடம் அந்த நூற்றிருபதுக்காரர் நானூறுக்காரரின் பங்கையும் சேர்த்துக் கட்டிவந்தார் என்றுதான் அர்த்தம். உங்கள் தெரு இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதிர்க்கக் கிளம்பாதீர்கள்.

மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன்தான் பாடப்புத்தகம். 1985ல் ஸ்காட்லாந்தில் வீடுகளை மறுமதிப்பீடு செய்தார்கள். பலருக்கு வரி தாறுமாறாக ஏறியதும் ஒரே கொந்தளிப்பு. பயந்துபோன பிரதமர் தாட்சரின் அரசு வீட்டு மதிப்பே வேண்டாம், தலைக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தது. 1989ல் ஸ்காட்லாந்தில், 1990ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தத் தலை வரி வந்தது. மாளிகையில் இருப்பவருக்கும் அவர் தோட்டக்காரருக்கும் ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம், அந்த ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். அவர் விலகியதற்குத் தலை வரி ஒரே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம். 1993 ஏப்ரலில் கவுன்சில் வரி என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளில் அடைத்தார்கள். 1991 ஏப்ரல் 1 அன்று விற்றால் என்ன விலை போயிருக்கும் என்பதுதான் அளவுகோல். இங்கிலாந்தில் இன்று வரை அதே விலைதான். போன மாதம் கட்டி முடித்த அடுக்குமாடிக்குக்கூட, இது 1991ல் இருந்திருந்தால் எவ்வளவு பெறும் என்று உட்கார்ந்து யோசித்துப் பிரிவு போட வேண்டும்! மேல் பிரிவான எச் கட்டுவது அடிப் பிரிவான ஏ கட்டுவதைப் போல மூன்று மடங்குதான், வீட்டு விலையில் வித்தியாசம் எத்தனை மடங்கு இருந்தாலும். வேல்ஸ் மட்டும் 2005ல் ஒரு முறை துணிந்து மாற்றியது. மற்றவர்களுக்கு 1985 மறக்கவில்லை போலும்.

கலிபோர்னியா இன்னொரு கோடியில் போய் நின்றது. வீட்டு விலையோடு வரியும் பறந்ததில் கோபப்பட்ட மக்கள் 1978 ஜூனில் வாக்கெடுப்பில் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறினால் மட்டும் சந்தை விலை. கேட்க இதமாக இருக்கிறது. விளைவு, ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில் பழைய குடித்தனக்காரர் கட்டுவதைப் போலப் பல மடங்கு புதிதாக வாங்கிய இளம் தம்பதி கட்டுகிறார்கள். இது நியாயமா என்று போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1992ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. நகரங்களோ, வீடு கட்டினால் வருமானம் இல்லை, விற்பனை வரிதான் மிச்சம் என்று கண்டுகொண்டு, குடியிருப்புகளை விட்டுவிட்டுக் கார் ஷோரூம்களையும் பெரிய பெரிய கடைகளையும் கூப்பிட்டு இடம் கொடுத்தன. ஜெர்மனியும் இந்தத் தவறில் நீண்ட காலம் இருந்தது. மேற்குப் பகுதியில் 1964, கிழக்குப் பகுதியில் 1935 மதிப்புகளை வைத்தே வரி போட்டுக்கொண்டிருந்ததை 2018 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன பிறகுதான் மாற்றினார்கள், புதிய முறை 2025ல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மதிப்பை மாற்றிவிடுகிறார்கள், ஆகவே யாருக்கும் திடீர் அடி விழுவதில்லை. உங்கள் மாநகராட்சி பதினைந்து வருடம் சும்மா இருந்ததுதான் குற்றம். அடுத்தது எப்போது என்று இந்தக் கூட்டத்திலேயே தேதி கேளுங்கள்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன், எனக்கு முக்கியம் இதுதான்.

வீட்டு வரி வருமானம் நான்கு இடத்தில் சிந்துகிறது. ஊரில் உள்ள கட்டடங்களில் எத்தனை பதிவேட்டில் ஏறியிருக்கின்றன, ஏறியவற்றின் மதிப்பு உண்மை மதிப்பில் எத்தனை பங்கு, விகிதம் என்ன, கேட்டதில் எவ்வளவு வசூலானது. இவை கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பேச்சுக்கு, நூறு கட்டடத்தில் எழுபது பதிவேட்டில் இருக்கிறது, மதிப்பு உண்மையில் பாதி, வசூல் அறுபது சதவீதம் என்று வையுங்கள். பெருக்கினால் வர வேண்டியதில் 21 சதவீதம்தான் கைக்கு வருகிறது. இதில் விகிதத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் 21 என்பது 23 ஆகும், அவ்வளவுதான், அதுவும் ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுபவர் முதுகில். விகிதத்தைத் தொடாமல் பதிவேட்டை எண்பத்தைந்துக்கும் வசூலை எண்பதுக்கும் கொண்டுபோனால் 34 ஆகிறது. வருமானம் பாதிக்கு மேல் கூடிவிட்டது, நேர்மையாகக் கட்டிவந்தவருக்கு ஒரு பைசா ஏறவில்லை.

பதிவேட்டில் என்ன ஒளிந்திருக்கும் என்றால், "காலி மனை" என்று எழுதிய கதவு எண்ணுக்கு எதிரில் போய் நின்றால் நான்கு மாடி நிற்கும். "குடியிருப்பு" என்ற பதிவில் கீழே கடை, மேலே விடுதி. இறந்துபோன தாத்தா பெயரில் கேட்பு போய்க்கொண்டிருக்கும், வாங்குவார் இல்லாமல் அது நிலுவையாக வருடா வருடம் ஏறும். அந்த நிலுவையைக் காட்டி "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று பட்ஜெட்டில் பெருமையாக எழுதுவதும் உண்டு. வராத பாக்கியை வரவாகக் காட்டுவதைப் பார்த்தால் விடாதீர்கள்.

சியரா லியோனின் தலைநகரம் ஃப்ரீடவுன் இதைச் செய்துகாட்டியது. 2020 வாக்கில் மேயர் இவோன் அக்கி-சாயர் காலத்தில் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கூரைகளை எண்ணினார்கள். பதிவேட்டில் 57,000 போல் இருந்த கட்டடங்கள் 1,20,000 ஆயின. வீட்டுக்குள் நுழைந்து அளக்காமல், தெருவில் நின்றாலே தெரிகிற கூரை, சுவர், ஜன்னல், சாலை வசதி மாதிரி அடையாளங்களுக்குப் புள்ளி போட்டு மதிப்பைக் கணக்கிட்டார்கள். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு, வீட்டுக்காரரும் தன் புள்ளியைத் தானே சரிபார்க்கலாம். மலைமேல் இருந்த மாளிகைகளுக்கு வரி நன்றாக ஏறியது, தகர வீடுகளுக்கு இறங்கியது.

பதிவேடு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட். 2013 ஜூலையில் திவால் மனு போட்ட நகரம் அது. 1950ல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 7 லட்சத்துக்கு வந்திருந்தது. வீட்டு விலை சரிந்துபோயிருந்தும் பதிவேட்டில் மதிப்பு பழைய உயரத்திலேயே இருந்தது. வீட்டின் விலையைவிட வரி பாக்கி கனமாக இருந்தால் யார் கட்டுவார்கள்? 2011ஆம் ஆண்டுக் கேட்பில் ஏறத்தாழ பாதிப் பேர் கட்டவில்லை. அறுபது வருடத்துக்கு அப்புறம் முழு மறுமதிப்பீட்டை முடித்தது 2017ல். மதிப்பு அதிகமாக இருந்தாலும் நகரத்துக்கு நஷ்டம்தான், இதை அதிகாரிகளும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் சங்கத்தில் யாராவது பொருளாதாரம் படித்தவர் இருந்தால் நிச்சயம் "கட்டடத்தை விடுங்கள், நிலத்துக்கு மட்டும் வரி போடுங்கள்" என்பார். யோசனை தவறில்லை. கட்டடத்துக்கு வரி போட்டால் கட்டுபவருக்குத் தண்டனை, நிலத்துக்குப் போட்டால் சும்மா போட்டுவைத்திருப்பவருக்குத் தண்டனை. பிட்ஸ்பர்க் 1913 முதலே நிலத்துக்கு அதிக விகிதம், கட்டடத்துக்குக் குறைந்த விகிதம் என்று வைத்திருந்தது. எண்பதுகளில் அந்த இடைவெளி ஐந்து மடங்குக்கு மேல். 2001ல் அதைக் கைவிட்டார்கள். கொள்கை தோற்றதால் அல்ல, அந்த மாவட்டம் நடத்திய மறுமதிப்பீடு குளறுபடியாகி, நில மதிப்புகள் கண்டபடி எகிறி மக்கள் கொதித்துப்போனதால்.

விலக்குப் பட்டியலையும் மறக்காமல் கேளுங்கள். அரசு அலுவலகம், கல்வி நிறுவனம், வழிபாட்டிடம், அறக்கட்டளை மருத்துவமனை என்று நீளும் பட்டியல் அது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு விலக்காலும் எவ்வளவு போகிறது என்ற தொகை பட்ஜெட்டில் அச்சாக வேண்டும். பாஸ்டன் நகரம் வரி விலக்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களிடமும் மருத்துவமனைகளிடமும், விலக்கு இல்லாவிட்டால் கட்டியிருக்க வேண்டியதில் கால் பங்கையாவது தாருங்கள் என்று கேட்டு வாங்குகிறது. கட்டாயம் இல்லை, எல்லாரும் முழுதாகத் தருவதும் இல்லை. ஆனால் யார் தந்தார், யார் தரவில்லை என்று வருடா வருடம் வெளியாகிறது. சலுகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். வீடு இருக்கும் சிறிய மனைக்கு வரிக்கான மதிப்பில் ஆறில் ஒரு பங்கைத்தான் எடுப்பார்கள். யாரும் குடியில்லாத இடிந்த வீட்டைத் தட்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் வாரிசுகள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். பாழடைந்த வீடுகள் பெருகிப்போய், 2015ல் அபாயமான வீட்டுக்குச் சலுகை கிடையாது என்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

உங்கள் தெரு அம்மாவின் கவலை நியாயமானது. வீடு பெரிய தொகை பெறும், கையில் காசு இருக்காது. இவர்களுக்காக எல்லாருக்கும் வரியைக் குறைத்தால், பக்கத்தில் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருப்பவருக்கும் அதே சலுகை போகும். அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு மட்டும் ஒத்திவைப்பு கேளுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது நிறைந்தவர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் வரியைக் கட்டாமல் தள்ளிவைக்கலாம். மாகாண அரசு அந்தத் தொகையை நகராட்சிக்குக் கொடுத்துவிடும். வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வட்டியோடு கழித்துக்கொள்வார்கள். வீட்டை விட்டு அவர் போக வேண்டியதில்லை, நகரத்துக்கும் பணம் நிற்பதில்லை. இது முடியாது என்றால், புதிய வரியை மூன்று நான்கு வருடத்தில் படிப்படியாக ஏற்றும்படி கேளுங்கள். பல நகரங்கள் அதற்கு ஒத்துக்கொள்வது உண்டு.

கொலம்பியாவின் பொகோட்டா பற்றியும் சொல்ல ஆசை. 2002ல் மேயர் அந்தானாஸ் மோக்குஸ், விருப்பமுள்ளவர்கள் பத்து சதவீதம் கூடுதலாக வரி கட்டுங்கள் என்று கேட்டார். 63,000 பேர் கட்டினார்கள். உங்கள் கூட்டத்தில் யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். பணம் எங்கே போகிறது என்று தெரிந்த ஊரில் அதுவும் நடந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

கூட்டத்தில் மூன்று நிமிடம்தான் தருவார்கள். கடந்த ஐந்து வருடக் கேட்பு, வசூல், நிலுவை வார்டுவாரியாக வேண்டும். மறுமதிப்பீட்டுக்கு அப்புறம் மொத்த வசூல் இலக்கு என்ன, அதற்காக விகிதம் குறையுமா. விலக்குகளின் தொகை எவ்வளவு. முதியவருக்கு ஒத்திவைப்பு உண்டா. இந்த நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொண்டு அப்புறம் பேசுங்கள். வாயால் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.

மதிப்பீட்டு அறிவிப்பு வீட்டுக்கு வந்ததும் தொகையைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் அதில் எழுதியிருக்கும் பரப்பளவு, கட்டிய ஆண்டு, பயன்பாடு மூன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பால்கனியையும் மொட்டை மாடியையும் சேர்த்து அளந்திருப்பார்கள், முப்பது வருடக் கட்டடத்தைப் புதிது என்று போட்டிருப்பார்கள். அதே தெருவில், அதே அளவில் இரண்டு மூன்று வீடுகளின் மதிப்பைப் பக்கத்தில் வைத்து ஆட்சேபணை எழுதினால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி அறிவிப்பின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை உங்கள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.